விடுவதற்கு ஒன்று

என் கணவர் சிகரெட் பிடிப்பவர் என்று எனக்குச் சொன்னது ஓர் இயந்திரம். முப்பத்திரண்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியாமல் போனதை அது மூன்றே ஊதலில் கண்டுபிடித்துவிட்டது. நானும் சயன்ஸ் டீச்சர்தான். மனிதன் பொய் சொல்லுவான், இயந்திரம் சொல்லாது என்று நம்பும் கூட்டத்தைச் சேர்ந்தவள்.

அவர் ரிட்டயரான வருடம் இருமல் ஆரம்பித்தது. மயிலாப்பூரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒரு நாள் காய்கறிப் பையோடு ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று அசோசியேஷன் நோட்டீஸ் போர்டைப் படிக்க ஆரம்பித்தார். தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் பற்றிய நோட்டீஸ். மறுநாளும் அதையே படித்தார். ஒரு வாரம் போனபிறகுதான் அவர் படிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. கேட்டால் தூசி என்றார். தூசிக்கு என்ன பஞ்சம்? எங்கள் தெருமுனையில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம். இருந்தாலும் தூசிக்கெல்லாம் இப்படி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குமா என்று கேட்டு, அடையாற்றில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே அவர் மூக்கை ஒரு கிளிப்பால் அடைத்து, வாயில் ஒரு குழாயைக் கொடுத்தார்கள். ஊதச் சொல்லிக்கொடுக்க ஒரு டெக்னீஷியன் பெண், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் தன் அணிக்காரரை உற்சாகப்படுத்துவதுபோல, "நல்லா இழுங்க சார். இப்ப விடுங்க. விடுங்க, விடுங்க, விடுங்க. இன்னும் விடுங்க" என்று கத்தினாள். அவர் முகம் சிவந்து, கண் பிதுங்கி, இனி விடுவதற்கு ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தபோது, "இன்னொரு தடவை" என்றாள். மூன்று தடவை ஊதினார். கம்ப்யூட்டரில் மூன்று கோடுகள் வந்தன.

டாக்டர் எங்கள் பையன் வயதுக்காரர். கோடுகளைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார் எத்தனை வருஷமா ஸ்மோக் பண்றீங்க?"

என் கணவர் சிரித்தார். அந்தச் சிரிப்பே இருமலாகிவிட்டது. தண்ணீர் குடித்து ஆசுவாசப்படுத்திக்கொண்டு, அந்தப் பழக்கமே தனக்குக் கிடையாது என்றார். நானும் பெருமையாக, எங்காத்துல புகையே கிடையாது டாக்டர் என்று சேர்த்துச் சொன்னேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். மனைவி பக்கத்தில் இருக்கும்போது ஆண்கள் சொல்லும் இந்தப் பதிலை அவர் தினமும் கேட்பவர் போலிருக்கிறது. ரொம்ப மரியாதையாக, "மேடம், நீங்க ஒரு ரெண்டு நிமிஷம் வெளில உக்காருங்களேன்" என்றார்.

அந்த இரண்டு நிமிஷம்தான் என் குடும்பத்தைக் கெடுத்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் பேச அந்த மனுஷனிடம் ஏதோ இருக்கிறது என்ற எண்ணம் அதற்கு முன் ஒரு நாளும் எனக்கு வந்ததில்லை. திரும்பக் கூப்பிட்டபோது டாக்டர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "எதுவா இருந்தாலும் சார், இன்னியோட விட்டுடுங்க" என்றார். எதுவா இருந்தாலும் என்றால் என்ன அர்த்தம்? ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம். மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போயிருக்கின்றன, போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், இன்னும் புகை போனால் ஆக்சிஜன் சிலிண்டரை வீட்டில் கொண்டு வைக்க வேண்டியதுதான் என்றும் சொன்னார். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கிளம்பினோம். அவர் இரண்டு தடவை, "சத்தியமா இல்லைடி" என்றார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். முப்பது வருடம் பரீட்சை ஹாலில் நடந்தவள் நான். பிட் அடிக்கிற பையன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒன்றுமே தெரியாத முகமாக இருக்கும். இவர் முகம் அச்சாக அப்படித்தான் இருந்தது.

அடுத்த நாளே விசாரணையை ஆரம்பித்துவிட்டேன். சட்டைகளை முகர்ந்தேன். சோப்பு வாசனைதான் வந்தது, சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தேன். அதில் ஒரு தீப்பெட்டி இருந்தது. பக்கத்திலேயே இருமல் மிட்டாய் ஒரு பொட்டலம். வாய் நாற்றத்தை மறைக்க மிட்டாய் போட்டுக்கொள்வார்கள் என்பது உலகறிந்த விஷயம். தீப்பெட்டியை அவர் முன்னால் வைத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு நெய் விளக்கு ஏற்றப் போகிறேனே, அதற்கு என்றார். மிட்டாய் எதற்கு என்றேன். இருமலுக்கு என்றார். இருமல் எதனால் என்றேன். இருமினார்.

அவர் காலையில் பூங்காவில் நடந்துவிட்டு லஸ் முனையில் ஒரு கடையில் டீ குடிப்பார். வீட்டில் டிகாக்ஷன் இறக்கி வைத்துவிட்டு நான் காத்திருக்க, அவர் வெளியே டீ குடிப்பதே எனக்கு நெடுநாளாக ஒரு குறை. அந்தக் கடைக்குப் போனேன். நான்கைந்து ஆண்கள் ஒரு கையில் கிளாசும் மறு கையில் சிகரெட்டுமாக நின்றுகொண்டிருந்தார்கள். டீக்கடைக்காரரிடம் போனிலிருந்த படத்தைக் காட்டி, இவர் இங்கே புகை பிடிப்பதுண்டா என்று கேட்டேன். அவர் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இன்னா மேடம், சாரா? பக்கத்துல எவனா பத்த வெச்சாலே அந்தாண்ட போய் நின்னுக்குவாரு. அந்தாண்ட பஸ் ஸ்டாப்பு. பஸ்காரன் வுடற பொகை அங்க. எங்க போய் நின்னாலும் பொகைதான் கீது."

அவர் சொன்னது என் சொந்தப் பாடம். கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு வருடா வருடம் காற்று மாசு நடத்தினேன். காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஐந்து, தடுக்கும் முறைகள் ஐந்து. காரணங்களில் முதலாவது வாகனப் புகை. அதை இரண்டாவதாக எழுதிய பிள்ளைக்கு நான் அரை மதிப்பெண் குறைத்திருக்கிறேன், ஒழுங்கு என்று ஒன்று உண்டல்லவா? டீக்கடைக்காரர் அதை முதலாவதாகவே சொன்னார். நான் மதிப்பெண் போடவில்லை. கூட்டாளிக்காகப் பேசுகிறார் என்று முடிவு செய்து, நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பாடத்தை நடத்தப் போவதற்கு நான் ஏறிப்போனது என் கணவருடைய ஸ்கூட்டரில்தான். அவர் ஆபீஸ் தி.நகரில், பனகல் பார்க் பக்கம். போகிற வழியில் என்னைக் கோபாலபுரத்தில் இறக்கிவிடுவார், சாயங்காலம் வந்து அழைத்துக்கொள்வார். ஒவ்வொரு சிக்னலிலும் முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு லாரி. அவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொள்வார், நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வேன். பஸ் கிளம்பினால் கறுப்பாக ஒரு வீச்சு வரும். அந்த வீச்சு போகிறவரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். தெளிந்ததும் அவர் திரும்பிப் பார்க்காமலே, "விடு" என்பார். நான் விடுவேன். அது எங்களுக்குள் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் வந்ததும் முகத்தைக் கைக்குட்டையால் துடைப்பேன். கைக்குட்டை கறுத்திருக்கும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காரணங்கள் ஐந்து எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆரம்பிப்பேன்.

இத்தனையும் தெரிந்தவளுக்கு அப்போது தோன்றவில்லையா என்றால், தோன்றவில்லை. வாகனப் புகை பரீட்சையில் வரும் காரணம். வீட்டில் ஒருவருக்கு வியாதி வந்தால் அதற்கு அவர் செய்த தப்புதான் காரணமாக இருக்க வேண்டும். அப்போதுதான் திட்ட முடியும், திருத்த முடியும். ஊரையே எப்படித் திட்டுவது?

வெளிநாட்டில் இருக்கும் பையனிடம் வீடியோ காலில் சொன்னேன். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, ஒத்துக்கொண்டால் வைத்தியம் சுலபம், எங்கள் ஊரில் இதற்கென்று கவுன்சலிங்கெல்லாம் உண்டு என்று பக்குவமாக எடுத்துச் சொன்னான். அவர், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

நான் விடவில்லை. காலையில் விட்டுடுங்கோ, மத்தியானம் விட்டுடுங்கோ, ராத்திரி படுக்கும்போதும் விட்டுடுங்கோ. மூன்று வேளை மாத்திரையோடு இதையும் கொடுத்தேன். அழுதேன்கூட. ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு நான் தனியாக என்ன செய்வேன் என்று கேட்டபோது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். குற்ற உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது முடிவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை நான் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவது வழக்கம். தூபக்காலில் கரி தணலாகியிருந்தது. ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டு, ஜன்னலையெல்லாம் சாத்தி, அறை அறையாகப் புகையைக் காட்டிக்கொண்டே, இந்தாத்துக்குள்ளே இனி புகை நுழையக் கூடாது, நான் நுழைய விடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். இருமினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"சரிடி. பிடிச்சுண்டிருந்தேன். ஆபீஸ் நாள்ல. விட்டுட்டேன். போறுமா?"

கண்ணீரைப் பார்த்து எனக்கு மனசு இளகிவிட்டது. பச்சாத்தாபம் என்று நினைத்தேன். தூபக்காலை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து விவரம் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை என்றேன். இரண்டு என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார், அப்புறம் மூன்று என்றார். என்ன சிகரெட் என்று கேட்டதற்கு வெகுநேரம் யோசித்து, "சாதாரணமானதுதான், வெள்ளையா இருக்குமே" என்றார். பேரைச் சொல்லக்கூட வெட்கப்படுகிறாரே என்று நான் மேற்கொண்டு கிண்டவில்லை. முப்பது வருடத் துரோகத்தை அரை மணியில் மன்னித்த பெருமிதம் அன்று ராத்திரி எனக்கு இருந்தது. வெகுநாளைக்குப்பிறகு நன்றாகத் தூங்கினேன்.

அதற்கப்புறம் அவர் எங்கள் குடியிருப்பில் ஒரு முன்மாதிரி ஆகிவிட்டார். நான் இரண்டு பேரிடம் சொன்னேன், அவர்கள் மற்றவர்களிடம் சொன்னார்கள். இந்த வயதில் விடுவது லேசான காரியமா என்று கீழ்வீட்டு மாமா படிக்கட்டில் நிறுத்திக் கையைக் குலுக்கினார். பையன் பெருமையாக இருக்கிறது அப்பா என்று செய்தி அனுப்பினான். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நானே முந்திக்கொண்டு, ஒத்துண்டுட்டார் டாக்டர், விட்டுட்டார் என்று அறிவித்தேன். டாக்டர் ஃபைலில் எழுதிக்கொண்டார். என் கணவர் எல்லாப் பாராட்டையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். இருமல் மட்டும் பழைய மாதிரியே இருந்தது. விட்டபிறகு கொஞ்ச காலம் இருக்கத்தான் செய்யும் என்று நான் எல்லோரிடமும் விளக்கினேன்.

அடுத்த வருடம் தீபாவளி முடிந்து இரண்டு வாரமாகியும் எனக்கு நெஞ்சு அடைப்பு விடவில்லை. வருடக்கணக்காகச் சாக்பீஸ் தூள் தின்றதன் பலன் என்றேன். சாயங்காலம் விளக்கேற்றி ஸ்லோகம் சொல்லும்போது, ஒரே மூச்சில் சொல்லிவிடும் அடி இரண்டாக உடைந்தது, பிறகு மூன்றாக. ஒரு நாள் மாடி ஏறும்போது, இரண்டாவது மாடியில் நின்று நோட்டீஸ் போர்டைப் படித்தேன். தண்ணீர் லாரி வரும் நேரம் மாறியிருந்தது. பின்னால் வந்த என் கணவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அன்று மத்தியானமே அடையாறு டாக்டருக்குப் போன் செய்து நேரம் வாங்கிவிட்டார்.

அதே கிளிப், அதே குழாய், அதே பெண். "விடுங்க மேடம், விடுங்க, இன்னும் விடுங்க." நான் எதிலும் முதல் மார்க் வாங்கிப் பழகியவள், அடிவயிற்றிலிருந்து விட்டேன். மூன்று கோடுகள் வந்தன. டாக்டர் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அந்தக் கண்ணாடி மேஜையைத் தொட்ட சத்தத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அறுபது வயதுப் பெண்மணியிடம் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று டாக்டர் தடுமாறினார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்பவாவது..."

"இல்லை டாக்டர். அவ தொட்டதே இல்லை."

சொன்னது என் கணவர். கேள்வி முடியக்கூட விடவில்லை. என் முகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. வெளியே உட்காருகிறேன் என்று எழுந்திருக்கவும் இல்லை.

டாக்டர் பிறகு நிறையக் கேட்டார். என்ன அடுப்பு, கொசுவத்தி உண்டா, ஊதுவத்தி உண்டா, சாம்பிராணி உண்டா. உண்டு என்றேன். வேலைக்கு எதில் போனீர்கள் என்றார். ஸ்கூட்டரில், பின்னால் உட்கார்ந்து என்றேன். எத்தனை வருடம் என்றார். சொன்னேன். அவர் என் கணவருடைய ஃபைலை எடுத்துவரச் சொல்லி, இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே கோட்டை இரண்டு தடவை போட்டதுபோல் இருந்தது. முதல் தாளின் ஓரத்தில், முன்பு புகைத்தவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. டாக்டர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். அவருக்குக் கணக்கு உதைத்தது. எனக்குக் கணக்கு வந்துவிட்டது.

"டாக்டர், அதை அடிச்சுடுங்கோ. இவர் பிடிச்சதே இல்லை" என்றேன்.

என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஒரு வருடத்துக்கு முன்பே போடப்பட்டிருக்க வேண்டிய கோடு. எத்தனை விடைத்தாள் திருத்தியவள் நான், என் பக்கத்தில் இருந்த ஒரே சரியான விடையைத் தப்பென்று அடித்திருக்கிறேன். எங்கள் இருவரிடமும் விடச் சொல்ல டாக்டருக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. சாம்பிராணியை மட்டும் நிறுத்தச் சொன்னார். முடிந்தால் மெயின் ரோடு பக்கம் இல்லாத வீடாகப் பாருங்கள் என்றார். சென்னையில் அப்படி ஒரு வீட்டைத் தேடி மயிலாப்பூரை விட்டுப் பெருங்குடிக்கா போவது, அங்கே குப்பை மேட்டுப் புகை இருக்கிறதே என்று என் கணவர் கேட்டார். டாக்டர் சிரித்தார். ஆளுக்கொரு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆட்டோவுக்காகச் சாலையோரம் நின்றோம். சாயங்கால நெரிசல். எனக்கு அழுகை வந்தது, சாலையில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

"ஏன்னா, ஏன் அப்படிச் சொன்னேள்? பிடிச்சேன்னு ஏன் ஒத்துண்டேள்?"

அவர் வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "நீ ராத்திரி தூங்கலை. விடுங்கோ விடுங்கோன்னு அழுதே. விடறதுக்கு எங்கிட்ட ஏதாவது இருந்தாத்தானே? ஒண்ணும் இல்லை. அதான் ஒண்ணைப் பிடிச்சேன்."

மன்னிச்சுடுங்கோ என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டாப்பிலிருந்து பஸ் ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. கறுப்பாக ஒரு வீச்சு எங்கள்மேல் வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். முன்பெல்லாம் ஒரு சிக்னல் முழுக்கத் தாங்கும். இப்போது நெஞ்சு முட்டியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். புகை தெளிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"விடு" என்றார்.

மூச்சைச் சொன்னாரா, நான் சொல்ல வந்த பேச்சைச் சொன்னாரா, தெரியவில்லை. விட்டேன்.